துரை விட்டுப்போன வண்டி

சிவமயம்

கும்பகோணம்
12-1-55

அன்புள்ள தம்பி குஞ்சிதபாதத்துக்கு, அண்ணன் அம்பலவாணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் திரிபுரசுந்தரியும் சௌக்கியம். காரைக்காலில் உங்கள் சௌக்கியத்துக்கும், ஒர்க்ஷாப்பில் வேலை குறைவில்லாமல் நடப்பதற்கும் கும்பேசுவரரை வேண்டிக்கொள்கிறேன்.

என் மாமியாருக்கு நீங்கள் கூடப்பிறந்த அண்ணன் மகன். முறைப்படி பார்த்தால் நமக்குள் அண்ணன் தம்பி உறவு. அந்த உரிமையில் ஒரு யோசனை கேட்கிறேன். எங்கள் உரக் கம்பெனியில் என்னை டூர் ஏஜெண்டாகப் போட்டிருக்கிறார்கள். சித்திரையிலிருந்து ஒரு வருஷம் ரோட்டில்தான் குடித்தனம். புதுக்கோட்டை, ராமநாதபுரம், திருநெல்வேலி என்று ஊருக்கு மூன்று நாள் தங்கி, மாதிரி வயல் போட்டுக் காட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். தடையில்லாமல் முடித்தால் ஜில்லா மேனேஜர் உத்தியோகம். நடுவில் நின்றுபோனால் கிடங்கில் மூட்டை எண்ணப் போட்டுவிடுவார்கள்.

அதற்கு ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியும், உள்ளே இருக்கிற சங்கதி ஒன்றும் தெரியாது. ஆபீசில் எல்லாரும் இங்கிலீஷ் வண்டி 350 என்கிறார்கள். சைடுகார் அவசியம் வேண்டும். உர மாதிரி, படுக்கை, ஸ்டவ், பாத்திரங்கள் எல்லாம் ஏற வேண்டும், சுமை அதிகம். "காரைக்கால் அத்தானைக் கேளுங்க, அவுங்களுக்குத் தெரியாத வண்டியா"ன்னு திரிபுரசுந்தரிதான் சொன்னாள். உங்கள் வாக்குப்படி செய்கிறேன்.

இப்படிக்கு உங்கள் நலம் நாடும்,
அம்பலவாணன்


காரைக்கால்
16-1-55

என் உயிர் நண்பன் சேக் பரீதுக்குக் குஞ்சிதபாதம் எழுதுவது. நான் நலம். உன் உம்மாவை வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். மூட்டுவலி தேவலை, நெய்ச்சோறு போடாமல் அனுப்பவில்லை. சைகோனில் உனக்குக் கடை வேலை எப்படி? அங்கே சண்டை சச்சரவு என்று பேப்பரில் போடுகிறான், ஜாக்கிரதையாக இரு.

இரண்டு வருஷமாக நான் காத்திருந்தது தானாக நடந்து வாசலுக்கு வந்திருக்கிறது. அம்பலவாணன் கடிதம் போட்டிருக்கிறான். வருஷம் முழுக்க ரோட்டில் திரிய ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டுமாம். என்னிடம் யோசனை கேட்கிறான், அதுவும் தம்பி என்று கூப்பிட்டு.

உனக்குத் தெரியாததா? திரிபுரசுந்தரி எனக்கு அத்தை மகள். காது குத்தின நாளிலிருந்து எனக்குத்தான் என்று பேச்சு. உரிமைக்காரன் உள்ளூரில் இருக்கும்போது அவனைக் கேட்காமல் பெண்ணை அசலில் கொடுப்பது எங்கள் வழக்கத்திலேயே கிடையாது. பெரியநாயகி அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பெனி உத்தியோகத்தைக் கண்டதும் என் கிரீஸ் கை நாறிப்போய்விட்டது. போதாததற்கு, அத்தை ஊர் விழிதியூரில் பெண் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் ஓட்டியது யார்? நான். பின் சீட்டில் அவன் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துகொண்டு, "தம்பி, மெதுவா போங்க, அவளுக்கு ஆவாது"ன்னு சொன்னான். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

பாலம் கட்டுகிற இலாகாவில் இருந்த பிரெஞ்சுத் துரை ஊர் திரும்பும்போது என்னிடம் விட்டுப்போன வண்டி ஞாபகம் இருக்கிறதா? நாம் இரண்டு பேரும் சைடுகார் மாட்டினோமே, அதுதான். அதைத்தான் கொடுக்கப் போகிறேன். வண்டி முழுக்க மில்லிமீட்டர் நட்டு. திருநள்ளாறு தாண்டிவிட்டால் எவனிடம் போனாலும் அங்குல ஸ்பானர்தான். கன்னியாகுமரி வரைக்கும் அதில் ஒரு நட்டை முறுக்க ஆள் கிடையாது. துரையின் ஸ்பானர் பெட்டி என்னிடமே இருக்கட்டும். அப்புறம் அந்தச் சைடுகார் போல்ட் நான்கும் மூன்று நாளில் தளர்ந்துவிடும் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நடுரோட்டில் உர மூட்டையெல்லாம் கவிழ்ந்து கிடக்க, மைனர் வேட்டியோடு நின்று விழிக்கட்டும். ஸ்டவ், பாத்திரம் எல்லாம் கொண்டுபோகிறானாம், அதுவும் உருளட்டும். கிடங்கில் மூட்டை எண்ணினால் என் கை மாதிரி அவன் கையும் கறுக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

குஞ்சிதபாதம்


சிவமயம்

காரைக்கால்
18-1-55

பெருமதிப்புக்குரிய அண்ணன் அவர்கள் சமூகத்துக்குத் தம்பி குஞ்சிதபாதம் வணக்கமாக எழுதிக்கொண்டது. தங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். தங்களுக்கு உத்தியோக உயர்வு வரப்போவது நம் குடும்பத்துக்கே பெருமை.

இங்கிலீஷ் வண்டி நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் போலீஸ்காரர், ஓவர்சியர், எல்லார் காலுக்குக் கீழேயும் அதுதான். தாங்கள் போய் இறங்கும்போது பண்ணையார்கள் எழுந்து வர வேண்டாமா? என்னிடம் பிரெஞ்சுத் துரை ஒருவர் ஆசையாக வைத்திருந்த வண்டி இருக்கிறது. கறுப்பு நிறம், டாங்கில் தங்கக் கோடு. ஒரு உதையில் கிளம்பும். சத்தமே தனி. பதினான்கு லிட்டர் பிடிக்கும், பங்க் இல்லாத ஊர்களில் கவலை இல்லை. ஆள் உட்காரும்படியாகவே மெத்தை வைத்த சைடுகார், நாலு மூட்டை தாராளமாக ஏறும்.

வேறு யாருக்கும் கொடுக்க மனசு வராமல் வைத்திருந்தேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும் தம்பி,
குஞ்சிதபாதம்


சிவமயம்

கும்பகோணம்
30-1-55

அன்புள்ள தம்பிக்கு, அண்ணன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். திரிபுரசுந்தரிக்கு இருமல் இருந்தது, இப்போது இல்லை.

உங்கள் வண்டியைப் பற்றிப் படித்ததிலிருந்து அதன் நினைப்பாகவே இருக்கிறேன். ஆனால் ஆபீசில் சோமு என்று ஒருவர், பத்து வருஷம் டூர் போனவர். அவர் சொல்கிறார்: "ரோட்டுல வாழப்போறவன் வேகத்தப் பாக்கக் கூடாது, அழகப் பாக்கக் கூடாது. எந்தக் குக்கிராமத்துலயும் எதக் கொண்டு ரிப்பேர் பண்ண முடியுமோ அத வாங்கணும்." பிரெஞ்சு வண்டிக்குப் பார்ட்ஸ் கிடைக்காது என்று பயமுறுத்துகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மேல் யாரையும் கேட்க மாட்டேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்பலவாணன்


சிவமயம்

காரைக்கால்
5-2-55

அண்ணன் அவர்களுக்குத் தம்பியின் வணக்கம். திரிபுரசுந்தரிக்கு இருமல் தேவலையானது அறிந்து நிம்மதி. தூதுவளைக் கஷாயம் கொடுக்கவும், சிறு வயதிலிருந்தே அவளுக்கு அதுதான் கேட்கும்.

சோமு அவர்கள் அனுபவஸ்தர். ஆனால் ஒன்று யோசியுங்கள். ஊர் ஊருக்குப் பார்ட்ஸ் கிடைக்கிற வண்டி என்றால் ஊர் ஊருக்குப் பார்ட்ஸ் போகிற வண்டி என்றுதானே அர்த்தம். இந்த வண்டி துரையிடம் ஆறு வருஷம் ஓடியது. ஒரு தடவை நடுவழியில் நின்றதில்லை. (ஸ்பானர் கையோடு நான் இங்கே இருந்தேன்.) கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். பங்குனி நடுவில் ஒருமுறை காரைக்கால் வாருங்கள், துடைத்து நிறுத்தி வைக்கிறேன்.

என்றும் தங்கள் தம்பி,
குஞ்சிதபாதம்


சைகோன்
12-3-55

பிரியமுள்ள நண்பன் குஞ்சிதபாதத்துக்கு சேக் பரீது சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் சுகமாக இருக்கிறேன். கடை இரண்டு மாதமாகத் திறந்தும் திறக்காமலும் கிடக்கிறது. வேறு பேட்டைக்கு மாறிவிட்டேன், அதனால் உன் கடிதம் சுற்றிச் சுற்றி நேற்றுத்தான் கிடைத்தது. உம்மாவைப் போய்ப் பார்த்ததற்கு உனக்குப் புண்ணியம் கிடைக்கும்.

நீ எழுதினதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. அந்தச் சைடுகாரைப் பற்றி மறந்துவிட்டுப் பேசுகிறாய். துரையை வைத்துக்கொண்டு கோட்டுச்சேரி ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது பின் போல்ட் கழன்று வாய்க்காலுக்குள் இறங்கினோம். அன்றைக்கு மெதுவாகப் போனதால் பிழைத்தோம். நட்டுக்கு அளவான ஸ்பானர் இல்லாமல் குறட்டால் முறுக்கினால் நட்டு முனை மழுங்கி மொத்தமாகப் போய்விடும். மூட்டைதான் விழும் என்று உன்னிடம் யார் சொன்னது? வண்டியே புரளும். எதிரே ஒரு பஸ் வந்தால் என்ன செய்வாய்?

பெண்ணைக் கொடுக்காத கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. சண்டை போட வேண்டுமானால் நேரில் போய்ச் சட்டையைப் பிடி. நம் தொழிலில் நட்டைத் தளர விட்டு அனுப்புகிறவனுக்கு வேறு பெயர். வண்டி இன்னும் உன்னிடம் இருந்தால் கொடுக்காதே. கொடுத்துவிட்டால் பெட்டியையும் கையோடு கொடுத்தனுப்பு.

உன் நன்மையைத் தவிர வேறு நினைக்காத,
சேக் பரீது


சிவமயம்

அறந்தாங்கி முகாம்
21-4-55

அன்புள்ள தம்பிக்கு, அண்ணன் எழுதிக்கொண்டது. நாங்கள் இருவரும் பரம சௌக்கியம். நீங்களும் அவ்வாறே இருக்க வேண்டும்.

வண்டியைப் பார்க்க ஊரே கூடுகிறது. புதுக்கோட்டையில் ஒரு மிராசுதார் மாதிரி வயலை விட்டுவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். ஏழு நாளில் பதினோரு பேர் உரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் நீங்கள் பார்த்துக் கொடுத்த ராசி.

ஒரு விஷயத்தை உங்களிடம் முன்பு சொல்லாமல் விட்டதற்கு மன்னிக்க வேண்டும். திரிபுரசுந்தரியும் என்னுடன்தான் வருகிறாள். வருஷம் முழுக்க அவளை எங்கே விட்டு வைப்பது? "ரோட்டுலயே குடித்தனம்னா குடித்தனக்காரியும் வரணும்ல"ன்னு ஒரே பிடிவாதம். அத்தைக்குத் தெரிந்தால் தடுப்பார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. சைடுகார் கேட்டதே அவளுக்காகத்தான். மூட்டைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மடியில் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு வருகிறாள். இவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

நேற்றிலிருந்து சைடுகாரில் மட்டும் ஏதோ கடகடவென்று சத்தம். இங்குள்ள மெக்கானிக்கிடம் சரியான ஸ்பானர் இல்லை, கொல்லரைக் கூப்பிட்டுக் குறட்டால் முறுக்கிக் கொடுத்தார். 28ஆம் தேதி வரை இங்கே தங்கிச் சுற்று ஊர்கள். பிறகு தொண்டி வழியாக மே 4ஆம் தேதி ராமநாதபுரம்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்பலவாணன்


சிவமயம்

காரைக்கால்
30-4-55

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். தாங்களும் திரிபுரசுந்தரியும் நலம்தானே? உடனே தெரிவிக்கவும்.

துரை குடியிருந்த வீட்டுப் பரணில் நேற்றுத்தான் அந்த வண்டியின் ஸ்பானர் பெட்டி அகப்பட்டது. ராமநாதபுரம் ஸ்டேஷனுக்கு ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் ராமநாதபுரம் தபாலாபீசுக்கே போடுகிறேன். பெட்டி கைக்கு வந்ததும் சைடுகாரின் நான்கு நட்டையும் முறுக்க வேண்டும். அதுவரை சைடுகாரில் யாரும் உட்கார வேண்டாம். மூட்டை மட்டும் வைத்துக்கொள்ளவும். அவளை பஸ்ஸில் அனுப்பவும். வேண்டுமானால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், நான் வேறு தருகிறேன்.

குஞ்சிதபாதம்


காரைக்கால்
1-5-55

சேக் பரீது, உன் கடிதம் வண்டி போய் ஒரு வாரம் கழித்து வந்தது. படித்துவிட்டு, இவன் யார் எனக்குப் புத்தி சொல்ல என்று மடித்து வைத்தேன். இப்போது எழுதுகிறேன்.

சைடுகாரில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஏப்ரல் 24ஆம் தேதி எனக்குத் தெரியும். அன்றைக்கே தந்தியாபீசுக்குப் போனேன். ஃபாரத்தை வாங்கி, "சைடுகாரில் ஏற்றாதே" என்று எழுதினேன். ஏன் என்று அவன் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? வேண்டுமென்றே கொடுத்தேன் என்று அவனிடம் நான் சொல்வதா? ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆறு நாள், பரீது. தினமும் போனேன். தினமும் திரும்பி வந்தேன். கடைசியில் பரணில் கிடைத்தது என்று ஒரு பொய்யை எழுதி நேற்றுத்தான் அனுப்பினேன்.

அவனை நான் இன்னும் வெறுக்கிறேன். அது குறையவில்லை. ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் அந்தப் பின் போல்ட்தான் சுற்றுகிறது. உன் உம்மாவை இந்த வாரம் போய்ப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

குஞ்சிதபாதம்


சிவமயம்

ராமநாதபுரம்
12-5-55

அன்புள்ள தம்பிக்கு, அண்ணன் எழுதுவது. சுவாமி புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். பதற வேண்டாம்.

3ஆம் தேதி மத்தியானம், தேவிபட்டினத்துக்கு முன்னால் ஒரு கண்மாய்க் கரையில் வரும்போது சைடுகார் தனியாகக் கழன்றுகொண்டது. நான் வண்டியோடு இந்தப் பக்கம் விழுந்தேன், சிராய்ப்பு மட்டும்தான். சைடுகார் அவளோடு கரையிலிருந்து உருண்டுபோய்ப் பள்ளத்தில் கவிழ்ந்தது. கோடையாகையால் தண்ணீர் இல்லை. இடது கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. நெற்றியில் ஏழு தையல். மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். இரண்டு மாதம் ஆகுமாம்.

டூரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு விருதுநகர் கிடங்கில் வேலை. பரவாயில்லை, மூட்டை எண்ணுவதற்கும் ஒருவர் வேண்டுமே.

விபத்துக்கு மறுநாள் உங்கள் கடிதமும் ஸ்பானர் பெட்டியும் கிடைத்தன. எங்கோ பரணில் கிடந்ததைத் தேடி எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, ரயிலேற்றி அனுப்பியிருக்கிறீர்கள். கூடப்பிறந்தவன் செய்வானா? அந்த நட்டுகளை அடிக்கடி முறுக்க வேண்டும் என்று வண்டி கொடுத்த அன்றே நீங்கள் சொல்லியிருப்பீர்கள். புது வண்டி சந்தோஷத்தில் நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். தப்பு என்னுடையது. நீங்கள் மனசைப் போட்டு வருத்திக்கொள்ளக் கூடாது.

என்றும் நன்றி மறவாத,
அம்பலவாணன்


சிவமயம்

விருதுநகர்
9-6-55

காரைக்கால் அத்தானுக்குத் திரிபுரசுந்தரி எழுதுவது. முறிந்தது இடது கை, அதனால் எழுத முடிகிறது. உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே? அவர் கடிதத்துக்கு நீங்கள் இன்னும் பதில் போடவில்லை. தினமும் தபால்காரரைக் கேட்கிறார்.

பெட்டியை நான்தான் பிரித்தேன். ஒவ்வொரு ஸ்பானரையும் எண்ணெய் தடவிப் பேப்பரில் சுற்றியிருந்தீர்கள். உங்கள் வேலை எப்போதும் சுத்தம்தான். பேப்பர் மார்ச் மாதம் 26ஆம் தேதியது, எண்ணெய் ஊறிக் காய்ந்து ஸ்பானரோடு ஒட்டிப்போயிருந்தது, நாலு நாளில் அப்படி ஆகாது. இவர் உங்களிடமிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வந்தது 27ஆம் தேதி. ஏப்ரல் மாதக் கடைசியில் பரணில் கிடைத்த பெட்டிக்குள் மார்ச் மாதமே பேப்பர் சுற்றினது யார்? அறந்தாங்கியில் அந்த மெக்கானிக், இவர் டீ குடிக்கப் போன நேரத்தில் என்னிடம் கேட்டார்: "இந்த வண்டிய யாரும்மா குடுத்தா? ஒங்க மேல அவருக்கு என்ன கோவம்?" சொந்தக்காரர் கொடுத்தது என்று சிரித்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தேன். புத்தி அப்போது வேலை செய்யவில்லை.

கோபம் என்ன என்று எனக்குத் தெரியும். உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் என்னைக் கொடுத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லி வருகிறீர்களாம். அம்மாவுக்கு எட்டியது, அம்மா எனக்கு எழுதினாள். உங்களைக் கேட்டார்கள், அத்தான். நிச்சயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அம்மா உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, முறை மாப்பிள்ளைக்கு வைக்கிற தாம்பூலத்தைத் தட்டில் வைத்து நீட்டினாள். வெற்றிலையை எடுத்தால் பெண்ணை அசலில் கொடுக்கச் சம்மதம், தட்டைத் தள்ளினால் பெண் எனக்கு என்ற உரிமை. விழிதியூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். முதல் நாளே அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள்: "அவன் தட்ட மட்டும் தள்ளட்டும்டி. இந்த எடத்த நாளைக்கே நிறுத்திப்புடுறேன். நானா போயி கெஞ்ச மாட்டேன், அவன் கேக்கணும்." நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் வெற்றிலையை எடுத்தீர்கள். காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, வாயில் போட்டுக்கொண்டு, இந்த வருஷம் குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று கேட்டீர்கள்.

ரோஷமாம். நாமாகக் கேட்பதா என்று ரோஷம். அன்றைக்கு என்னைக் கேட்க வாய் வரவில்லை. இப்போது ஆளைக் கொல்ல மட்டும் கை வந்திருக்கிறது. வண்டி விஷயத்தில் இவர் கடிதங்களுக்கு ஆறே நாளில் பதில் போட்டவர், உயிர் போகிற விஷயத்துக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தேதிகளை எண்ணிப் பார்த்துவிட்டேன். நானும் வருகிறேன் என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்வீர்கள். இவர் மட்டும் செத்திருந்தால் பரவாயில்லையா? இவரோடு எனக்கு வாழ்க்கை இனிமேல்தான் தொடங்க இருந்தது. அந்த இருபது நாள் போல நான் என்றும் இருந்ததில்லை. அதற்காக உங்களை மன்னிக்க மாட்டேன்.

இவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் உறவை அறுத்துவிடுவார். அது உங்களுக்குச் சௌகரியம், நான் செய்துதர மாட்டேன். இவர் மாசாமாசம் உங்களுக்குக் கடிதம் எழுதுவார். தம்பி என்றுதான் கூப்பிடுவார், நன்றி சொல்லித்தான் முடிப்பார். பொங்கலுக்கு வேட்டி அனுப்புவார், அதை உடுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் தவறாமல் பதில் போட வேண்டும், நீங்கள் போடுகிற அதே வணக்கத்தோடு. ஒரு மாசம் நின்றாலும் அந்தப் பேப்பரை இவர் கையில் கொடுத்து விவரம் சொல்லுவேன். பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களுக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், அப்போதும் கடிதம் வரும்.

நேற்று இவருக்கு ஒரு நல்ல செய்தி. அடுத்த சித்திரையில் மறுபடி டூருக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்களாம். அதற்கு எந்த வண்டி வாங்கலாம் என்று உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். சோமு அவர்களைக் கேளுங்கள் என்று சொன்னேன், "தம்பி இருக்கும்போது வேற ஆள் எதுக்கு"ன்னுட்டார். நாளைத் தபாலில் வரும். தாமதிக்காமல் பதில் எழுதுங்கள்.

திரிபுரசுந்தரி